அட்டவணைப்படி

சமையற்காரம்மா கதவு வழியாகத் தலையை நீட்டி நடைபாதையை ஒருமுறை பார்த்தாள். யாருமில்லை. மேலங்கிப் பைக்குள் கையை விட்டுச் சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து, கொதிக்கிற சூப்பில் சட்டென்று கவிழ்த்தாள். காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கினாள்.

நாற்பது முதியவர்கள் குடிக்கப்போகிற சூப். ஐந்து மாதமாகத் தினமும் செய்கிற காரியம்தான். ஆனாலும் இன்றைக்கு அவள் மறுபடியும் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

விஷமெல்லாம் இல்லை, வெண்ணெய்தான். ஆனால் அந்த முதியோர் இல்லத்தில் இரண்டுக்கும் இப்போது பெரிய வித்தியாசமில்லை. சுகாதாரத் துறை அனுப்பிய உணவு அட்டவணை சமையலறைச் சுவரில் சாமி படம் மாதிரி சட்டம் போட்டுத் தொங்கியது. வெண்ணெய் கூடாது, எண்ணெய் கூடாது, மஞ்சள் கரு கூடாது, எதையும் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு இல்லங்களில் ஆறு மாதச் சோதனை. தேறிவிட்டால் நாடு முழுக்க எல்லா முதியோர் இல்லங்களுக்கும் இதுதான் சட்டம்.

முதல் மாதத்திலேயே சாப்பாட்டுக் கூடம் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. நாற்பது வருடம் சைக்கிள் மிதித்த தபால்காரர் ஒருவர் அங்கே இருந்தார். ஒருநாள் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பசிக்குது தங்கச்சி. ஆனா இது தொண்டைக்குக் கீழ எறங்க மாட்டேங்குது."

அவருடைய சட்டைக் காலருக்குள் ஒரு கையையே விடலாம் போலிருந்தது. அன்று சாயங்காலமே சமையற்காரம்மா கடைக்குப் போனாள். "இத எழுதின மகராசன் ஒரு வேளையாவது தின்னு பாத்திருப்பானா?" என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டே போனாள்.

மறுநாள் தபால்காரர் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். அடுத்தடுத்த மாதங்களில் எடை பார்க்கும்போது எல்லோருக்கும் முள் ஏறியது. வார்டனம்மா பூரித்துப்போய், "எல்லாம் அட்டவணையோட மகிமை!" என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். சமையற்காரம்மா வாயைத் திறக்கவில்லை. யாருக்கு நல்ல பேர் போனால் என்ன, கிழங்கள் சாப்பிட்டால் போதும் என்று இருந்துவிட்டாள்.

நேற்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வார்டன் அதைக் கூடத்தில் சத்தமாக வாசித்தார். பன்னிரண்டு இல்லங்களிலும் அமோக வெற்றியாம். சுகாதாரத் துறை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கியாம். எல்லோரும் கைதட்டினார்கள், தபால்காரர் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இனி எத்தனை ஊரில் எத்தனை தபால்காரர்கள் கரண்டியைக் கீழே வைக்கப்போகிறார்களோ! நாற்பது பேருக்கு நல்லது செய்யப்போய் நாலாயிரம் பேர் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று மனசு அரித்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது.

கதவு திறந்தது. அட்டவணையை எழுதிய குழுவின் தலைவரான அந்த அதிகாரியே வந்து நின்றார். பின்னாலேயே நுழையப் பார்த்த வார்டனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சமைக்கறவங்கள நேர்ல பாத்து நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வரலாம்னு கெளம்பினேன். பதினோரு எடம் முடிஞ்சுது. இதுதான் கடைசி."

ஒரு கரண்டி சூப்பை எடுத்துக் குடித்தார். இன்னொரு கரண்டியும் எடுத்தார்.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், அதுல வெண்ணெ இருக்கு. அஞ்சு மாசமா நான்தான் போடறேன். மசிச்ச உருளைக்கெழங்குலயும் போடறேன். அவங்க தேறினது உங்க அட்டவணையால இல்ல சார்."

"யாரு போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. சமைச்சுப் போட்டுட்டு, அவங்க பசியோட எழுந்து போறதப் பாத்துட்டு நிக்க முடியல. வார்டனம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு முழுக்க என்னோடது."

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அது ஏற்கெனவே ஈரமாக இருந்தது. அழுகிற அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"என் வேலைய எடுத்துக்கங்க சார். மத்த பதினோரு எடத்துல எப்படித் தேறினாங்களோ, அது எனக்குத் தெரியாது. எங்க எடத்துல உங்க அட்டவணை தோத்துப் போச்சு. நான் ஒருத்தி பண்ணின களவாணித்தனத்த நம்பி நாட்டுக்கே கையெழுத்துப் போட்டுடாதீங்க!"

அதிகாரி கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவைச் சட்டைப் பைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டார். சுவரில் தொங்கிய தன் அட்டவணையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இப்படி அழுததுல நீங்க பன்னிரண்டாவது ஆளும்மா."