விலகாத ஆட்டம்

பழைய செம்பா ஆட்டத்தில் வயிறோடு வயிறு தொட்டதும் விலகிவிடலாமே என்று நினைத்துக்கொண்டாள் தோமிங்காஸ். அவளை மார்போடு அணைத்தபடி, கணவன் வால்தெமார் லிஸ்பன் நடன வகுப்பு மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். "எங்க அங்கோலாவுல செம்பான்னு துள்ளித் துள்ளி ஆடுனதுதான் வேகம் குறைஞ்சு கிசோம்பா ஆச்சு. இப்பப் பாருங்க, விலகவே மாட்டோம்." கைதட்டினார்கள். வகுப்பிலும் வீட்டிலும் அவன் திருப்பிய பக்கமே அவள் திரும்பியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஆடுவது பெண்ணின் பங்கு. "கண்ணை மூடிக்க, என் ராணி. பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது உன்னைச் சுவத்துல இடிச்சிருக்கேனா?" என்றான். மாணவர்கள் சிரித்தார்கள். பாட்டு தொடங்கியது. நெற்றியோடு நெற்றி சேர்ந்தது. "மூடுன்னு சொன்னேன்ல," என்றான், மற்றவர்களுக்குக் கேட்காமல். அவ்வளவு அருகில் அவனுடைய இரண்டு கண்களும் ஒரே கண்ணாகத் தெரிந்தன. அவள் மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.