இரைச்சல் அடங்கினால் கையைத் தூக்கு

"இரைச்சல் அடங்கினதும் கையைத் தூக்கணும். அவ்வளவுதான்" என்றார் மெட்ராசிலிருந்து வந்திருந்த என்ஜினீயர்.

பால்துரை சரியென்று தலையாட்டிவைத்தான்.

ராஜபாளையத்தில் அந்தத் தியேட்டருக்கு டால்பி பெட்டி வந்து இறங்கியிருந்தது. படச்சுருளில் வசனத்துக்கு அடியில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்குமாம். பெட்டியைப் போட்டால் அது அடங்கிவிடுமாம்; அடங்கியதா என்று ஆபரேட்டர்தான் கேட்டுச் சொல்லவேண்டுமாம். எட்டு வருஷமாக அங்கே ஆபரேட்டராக இருக்கும் பால்துரையின் காதில் அந்த 'உஸ்' ஒருநாளும் விழுந்ததில்லை.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவன் வேலை பார்த்தது தியேட்டர் முதலாளி வைகுண்டராஜுக்கே சொந்தமான நூல் மில்லில். மெஷின்கள் போட்ட சத்தத்தில் சன்னமான ஓசையெல்லாம் காதைவிட்டுப் போயே போய்விட்டது. கொசு கடித்த பிறகுதான் பக்கத்தில் கொசு இருந்ததே தெரியும். பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், பிறகென்ன என்று வெளியே சொல்லாமல் காலத்தை ஓட்டிவிட்டான்.

இனி ஓடாது போலிருந்தது. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு தியேட்டரில் இதே சோதனை. ஆபரேட்டர் சோலைராஜ் திருதிருவென்று முழித்திருக்கிறான். அன்றைக்கே அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

"சரியாத்தான் செஞ்சிருக்காவ" என்று டிக்கெட் கிழிப்பவர் முதல் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வரை எல்லார் முன்னாலும் சொன்னார் வைகுண்டராஜ். "காது செத்தவனுக்கு கேபின்ல என்னலே சோலி?"

அதைக் கேட்டதிலிருந்து பால்துரைக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அன்னாளிடம் பல்வலி என்று சொல்லிவைத்திருந்தான். நாற்பத்தெட்டு வயதில் இனி எந்த வாசலில் போய் நிற்பது?

காலைக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. காலிக் கொட்டகையில் அவனை உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் முதலாளியும் உட்கார்ந்தார்.

"நானும் கேக்கத்தான் போறேன். ஏமாத்தலாம்னு நெனச்சிராத."

மேலே கேபினில் புரொஜெக்டர் ஓட ஆரம்பித்தது. திரையில் படம் இல்லை.

"ரெடியா?" என்று மேலிருந்து என்ஜினீயரின் குரல் வந்தது.

"ரெடி" என்றான் பால்துரை.

ஒன்றும் கேட்கவில்லை. மனசுக்குள் ஜெபம் சொல்லிப் பார்த்தான், பாதியிலேயே மறந்துபோனது. ஒரே வழிதான் இருந்தது. முதலாளி முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆடிக்கொண்டிருந்த முதலாளியின் கால் சட்டென்று நின்றது. தலை லேசாகச் சாய்ந்தது.

பால்துரை கையைத் தூக்கினான்.

"கரெக்ட்!" என்று தொடையில் தட்டினார் முதலாளி. "எம்புட்டு வித்தியாசம் பாத்தியா! கெணத்துக்குள்ள எறங்குனாப்புல அமைதியா இருக்கு."

பால்துரைக்குப் போன உயிர் திரும்பியது.

கேபின் ஜன்னலில் என்ஜினீயரின் தலை தெரிந்தது.

"சார், கொஞ்சம் பொறுங்க. ஒரு திருகு கீழே விழுந்துடுச்சு, அதைத்தான் தேடிட்டிருக்கேன். பெட்டிய இன்னும் ஆன் பண்ணவே இல்லை. இரைச்சல் அப்படியேதானே இருக்கு, கேக்கலையா?"

தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று பால்துரைக்குத் தெரியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. முதலாளி பக்கம் திரும்பவே பயந்தான்.

முதலாளிதான் அவன் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"ஒனக்கும் கேக்கலையாலே?" என்றார் ரகசியமாக.

இல்லை என்று தலையாட்டினான் பால்துரை.

"அந்த மில்லுல முப்பது வருசம் நானும்லா நின்னேன். மதுரையில ஒரு காது டாக்டர் இருக்காராம். ரெண்டு வருசமா இன்னைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

முதலாளியின் குரல் இன்னும் இறங்கியது.

"தனியாப் போகப் பயமா இருக்குலே. நீயும் வாரியா?"