கண் மூடும் வேகம்

ராஜபாளையத்து விமலுக்குப் பாக்ஸிங்கில் வேகம்தான் குறை. மேலிருந்து நழுவும் பந்தைப் பிடிக்கவைத்துப் பழக்கினார் பயிற்சியாளர் பென்சன்.

“ஏலே, எதிராளி அசையுமுன்ன நீ அசைஞ்சிரணும்!”

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டத் தேர்வு. ஒன்பது மணிக்குள் எடை பார்க்க நிற்காவிட்டால் வாய்ப்புப் போய்விடும்.

பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஏறினாள். அவள் இடம் தேடித் திரும்புமுன் உட்கார்ந்திருந்த விமலின் கண்கள் மூடிக்கொண்டன. பென்சன் பார்த்திருந்தால் பூரித்திருப்பார்.

விடியலில் ஓடிய அசதி. பொய்த்தூக்கம் மெய்யாகிவிட்டது. விழித்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவில், மணி ஒன்பதரை.

“ஏன் அண்ணாச்சி எழுப்பல?” என்று கண்டக்டரிடம் கத்தினான்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்னு கத்தினேன், நீ அசையல. அதுக்கு முன்னாலயே அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு இடங்கேட்டு எழுப்பத்தான் வந்தேன் தம்பி. ‘பாவம், அசந்து தூங்குது, எழுப்பாதிய’ன்னு அதுதான் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்துச்சு.”