கால் அங்குலம்

சிவமணி சோற்றுப் பார்சலை அவிழ்த்ததும் மேசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

கடைசியாக எழும்பியவள் கேட்டே விட்டாள். "இருபது வருசம் ரெண்டு பேரும் ஒரே பார்சல்ல சாப்பிட்டீங்க. றோஸி அக்காட பேரை எழுத எப்பிடி மிஸ் மனசு வந்தது?"

சிவமணி பார்சலைத் திரும்பக் கட்டி வைத்தாள்.

கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில் நடக்கிற சின்னக் கார்மென்ட் தொழிற்சாலை அது. பெரிய கம்பனி ஒன்றுக்காகச் சேட், அதாவது மேற்சட்டை, தைத்துக் கொடுப்பார்கள். அவ்வளவும் அமெரிக்காவுக்குக் கப்பலேறும். தைத்து முடிந்த சேட்டில் பிழை பார்ப்பதுதான் சிவமணியின் வேலை.

போன மாதம் முதலாளி புவாத் எல்லோரையும் கூப்பிட்டார்.

"அமெரிக்காக்காரன் நம்மட உடுப்புக்கு வரியக் கூட்டிட்டான். ஓடர் பாதியாகிட்டு. நூலும் பட்டனும் டொலர்லதான் வாங்குறோம். டொலர் வந்தாத்தான் எல்லாருக்கும் சம்பளம்."

"நாங்க என்ன பிழை செஞ்சோம் ஹாஜியார்?" என்று கேட்டாள் நிரோஷா.

"நாம அவங்கள்ட்ட வாங்குறது கொஞ்சமாம். அவங்க நம்மள்ட்ட வாங்குறது கூடவாம். அதுதான் பிழையாம்."

"நல்லாத் தைச்சா வாங்கத்தானே செய்வாங்க!" என்றாள் றோஸி.

ஒருவரும் சிரிக்கவில்லை.

பட்டன் ஹோல் போட இரண்டு பேர் இருந்தார்கள், றோஸியும் நிரோஷாவும். இனி ஒருவர் போதும்.

"மூணு நாள் பாருங்க சிவமணி. யார்ட வேலைல பிழை கூடவோ, அவங்க போகட்டும். எனக்கு இதுக்கு மேல நியாயம் தெரியல்ல" என்றார் புவாத்.

கேட்டதும் சிவமணிக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. றோஸியின் கைக்குப் பிழை விடத் தெரியாது. நிரோஷா வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். நாளுக்கு இரண்டு மூன்று சேட் பழுதாக்குவாள். அவளுடைய புருசன் கொச்சிக்கடையில் ஒரு களஞ்சியத்தில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, முதுகு அடிபட்டுப் படுக்கையில் கிடந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள். பாவம்தான். ஆனால் அதற்காக றோஸியை விட முடியுமா?

முதல் நாள் றோஸி தைத்த நாலு சேட்டில் பட்டன் ஹோல் விலகியிருந்தது.

சிவமணியால் நம்ப முடியவில்லை. ஒருவரும் காணாமல் நாலையும் அலுமாரிக்குள் ஒளித்தாள்.

இரண்டாம் நாள் பதினொன்று.

"என்னக்கா, கண் தெரியேல்லையோ?" என்று காதோடு கேட்டாள்.

"அம்பத்தாறு வயசாகுது சிவமணி. மங்கத்தானே செய்யும்."

"கவனமாத் தையுங்கோ அக்கா. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"ம்."

அந்தப் பதினொன்றையும் ஒளித்தாள்.

மூன்றாம் நாள் இருபத்தாறு. ஒளிக்க வழியில்லை. புவாத் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். சிவமணி றோஸியின் பேரை எழுத வேண்டியதாகி விட்டது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிய றோஸி திரும்பியும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கார்மென்ட்டில் ஒருவரும் சிவமணியோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

இன்று சாப்பாடு இறங்காததால் அலுமாரியையாவது ஒதுக்குவோம் என்று எழும்பினாள். அங்கே கிடந்த, மூன்று நாளும் பழுதான றோஸியின் சேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து அடுக்கினாள். நாலைந்து அடுக்கியதும் கை நின்றது.

பிழையான ஹோலின் மேல் பிழையான ஹோல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

டேப்பை எடுத்து அளந்தாள். கால் அங்குலம். அடுத்த சேட்டிலும் கால் அங்குலம். நாற்பத்தொரு சேட்டிலும் அதே கால் அங்குலம். தையலில் ஓர் இழை பிசகவில்லை.

கண் மங்கியவளால் இப்படி விலக்க முடியாது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு றோஸியின் வீட்டுக்கு ஓடினாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், சந்தியில் இருக்கிற சாப்பாட்டுக் கடையைக் காட்டினாள். அதன் பின்பக்கத்தில், ஒரு குவியல் தேங்காய்க்கு நடுவில் இருந்து துருவிக்கொண்டிருந்தாள் றோஸி.

"ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நான் என்ன செஞ்சேன்?"

"கால் அங்குலம்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"நிரோஷாட்ட சொல்லிறாத" என்றாள் றோஸி. "தெரிஞ்சா அந்தப் புள்ள வெக்கத்துல வேலைய விட்டுரும். புருசன் எழும்பி நடக்க இன்னும் எத்தன மாசமோ. நான் தனிக்கட்டை. எங்கயும் தேங்கா துருவி ஒரு வாய் சாப்பிட்டுருவேன்."

"நீங்களா விலகுறன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஹாஜியார் விட்டிருப்பாரா? நீதான் விட்டிருப்பியா?"

சிவமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களைக் காப்பாத்த வேணும் எண்டுதான் அக்கா ரெண்டு நாளும் ஒளிச்சு வைச்சனான்."

"தெரியும்." றோஸி ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு அவளைத் தன் பக்கத்தில் இருத்தினாள். "முதல் நாளே நீ எழுதியிருந்தா நாலோட போயிருக்கும். மத்த முப்பத்தேழு சேட்டையும் என் கையாலயே கெடுத்தேன் பாரு, அதுக்குத்தான்டி அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுதது."