பச்சை எரிந்த பிறகு

பனியன் கம்பெனி வாசலில் அந்த விளக்கை மாட்டியதிலிருந்து மரகதத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதன் கீழே கையை நீட்டினால், கொரோனா தடுப்பூசி உடம்பில் பிடித்தவர்களுக்குப் பச்சை எரியும், பிடிக்காதவர்களுக்கு மஞ்சள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த யாருக்கும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும்கூட, மஞ்சள் எரியலாம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிப் பார்த்தார். மஞ்சள் என்றால் எச்ஐவிதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

மரகதத்துக்கு எச்ஐவி இருந்தது. பவுடர் டப்பாவுக்குள் ஒளித்துவைத்த மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விழுங்கி வந்தாள். தண்ணீரில் அந்த நோய் ஒட்டாது என்று தெரிந்தும், நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று அடுத்தவர் பாட்டிலில் அண்ணாந்துகூடக் குடிக்க மாட்டாள்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

பச்சை.

அவளுக்கு அடுத்து நின்றவள், பக்கத்து மிஷினில் தைக்கும் தமயந்தி. அவளுக்கு மஞ்சள் எரிந்தது. வரிசை சட்டென்று விலகியது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்தவளிடம் மரகதம் மட்டும் போய்க் குனிந்தாள்.

"மாத்திரைய மாமியா பாத்துருவாங்கன்னு பயந்து நிறுத்திப்போட்டனுங்கக்கா," என்று தமயந்தி விசும்பினாள்.

மரகதம் நிமிர்ந்தாள். எல்லோரும் பார்க்க, தமயந்தியின் பாட்டிலைத் திறந்து, வாய் வைத்துக் குடித்தாள்.

"இன்னைக்கே மறுபடி ஆரம்பி அம்மிணி. நானும் அதே மாத்திரைதான், ஒரு நாளும் விட்டதில்ல. எனக்குப் பச்சை எரிஞ்சத இவங்க அத்தன பேரும் பாத்தாங்கல்ல?"