ஒட்டடைக் கம்பு

டக். டக். டக்.

தரைக்கு அடியிலேர்ந்து வந்த சத்தத்துல லிஃப்ட் மெக்கானிக் துள்ளிக் குதிச்சான்.

"கேட்டியா? டிவிகூட ஓடல! நாம மூச்சு விடுறதுகூட அந்தாளுக்கு இடைஞ்சலா?"

"விடுண்ணா," துணி மடிச்சுக்கிட்டிருந்த தங்கச்சி நிமிரவே இல்ல. "காலைலேர்ந்து கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி நடக்குற. அதுக்குத்தான் தட்டுறாரு."

அவ சொன்னதும் நெஜம்தான். அவனுக்கு இருப்புக் கொள்ளல. இன்னிக்கு ஃபுட்பால் ஃபைனல். அம்மாவும் அவனும் உசுரா நெனச்ச டீம், இருபத்தோரு வருஷத்துல மொத தடவையா ஃபைனலுக்கு வந்திருக்கு. பார்க்க அம்மா இல்ல. போய் ரெண்டு மாசமாச்சு.

ஊர்ல வேற எவனும் சீண்டாத டீம் அது. "ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட ஊரே இருக்குடா. தோக்குறவனுக்கு நாமதான் இருக்கணும்"னு அம்மா சொல்லுவா.

ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு டிவியைப் போட்டான். அம்மாவோட நாற்காலி கண்ணுல பட்டுச்சு. அணைச்சான். ரிமோட்டை பீரோ மேல வீசினான். ஸ்டூல் போட்டு எடுத்தான். மறுபடியும் வீசினான். ஊர்ல நின்னுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன், ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டின லிஃப்ட் மாதிரி நின்னான். அப்பதான் அந்த டக், டக், டக்.

பத்து வருஷமா இதே கூத்து. கோல் விழும். அம்மாவும் இவனும் கத்துவாங்க. கீழ்வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பை எடுத்து மூணு தட்டு தட்டுவாரு. சில நாள் இவங்க வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே தட்டிடுவாரு, அவ்வளவு கொழுப்பு! அம்மா மட்டும் லேசுப்பட்டவளா? குதிகாலால பதிலுக்கு மூணு மிதி. டொம், டொம், டொம். மிதிச்சிட்டு ஒரு சிரிப்பு வேற.

அவருக்கு இவன் வெச்ச பேரு ஒட்டடை. மாடிப்படில வணக்கம் சொன்னாலும் திரும்பாம போற மனுஷன். பின்னாடியே தோளைச் சாய்ச்சு அதே மாதிரி நடந்து காட்டுவான். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பா. அம்மா மட்டும் சிரிக்க மாட்டா. "உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்டா"ன்னு முறைப்பா.

"அம்மா இருந்தா மிதிச்சிருப்பா," தங்கச்சி மெதுவாச் சொன்னா.

அவ்வளவுதான். "மிதி எதுக்கு? நேரா போய்க் கேக்குறேன்"னு செருப்புகூடப் போடாம படி எறங்கிட்டான்.

கீழ்வீட்டு பெல்லை அழுத்தினான். சத்தமே வரல. கதவுக்கு மேல இருந்த கண்ணாடி வழியா உள்ள ஒரு செவப்பு பல்பு மின்னி மின்னி அணைஞ்சுது.

கதவு தொறந்துச்சு. கையில கம்போட நின்னாரு.

"ஏன் சார், மனுஷனா நீங்க? வீட்ல சாவு விழுந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. பேசல, சிரிக்கல, டிவிகூட ஓடல. அப்பவும் எங்க சத்தம் உங்களுக்குத் தாங்கலையா?"

அவரு இவனோட வாயையே பார்த்தாரு. அப்புறம் ஊருக்கே கேக்குற குரல்ல சொன்னாரு:

"தம்பி, கொஞ்சம் மெதுவா பேசு. ஒதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் புரியணும். முப்பது வருஷம் தகடு வெட்டுற மெஷின்ல வேலை. காது ரெண்டையும் அங்கயே குடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப... நாங்க போடுற சத்தம்?"

"நீங்க சத்தம் வேற போடுவீங்களா?"

உள்ள டிவி ஊமையா ஓடிக்கிட்டிருந்துச்சு. இவங்களோட அதே டீம். ஒண்ணு, பூஜ்யம்.

"கோல் விழுந்தா நான் தட்டுவேன், உங்கம்மா மிதிப்பாங்க. கம்பு வழியா கைக்குத் தெரியும். அவங்க போனது தெரியும் தம்பி. அன்னிக்கு வந்து நின்னேன், நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட. ஆனா கோல் விழுந்தா கை தானா போகுதே, என்ன பண்ண?"

"அம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல..."

"நான்தான் வேணாம்னேன். என் நடையை அவ்வளவு அழகா நடிச்சுக் காட்டுற பையன், காதை மட்டும் விடுவானா?" அவரு சிரிச்சாரு. "படிக்கட்டு ஜன்னல் கண்ணாடில எல்லாம் தெரியும்ப்பா. தோளை இன்னும் கொஞ்சம் சாய்க்கணும் நீ."

எங்க பார்க்குறதுன்னு தெரியாம இவன் டிவியைப் பார்த்தான். பார்த்த நேரம், பந்து கோல் கம்பத்துல பட்டு உள்ள விழுந்துச்சு.

ரெண்டு, பூஜ்யம்!

அவரு கம்பை இவன்கிட்ட நீட்டினாரு. வாங்கி, மூணு தட்டு தட்டினான்.

"எடுத்துடாத. அப்படியே அழுத்திப் பிடி."

பிடிச்சான். ஒண்ணுமில்ல. மேல யாரு இருக்கா மிதிக்க?

டொம். டொம். டொம்.

கம்பு நடுங்குச்சு. உள்ளங்கை வழியா முழங்கை வரைக்கும் ஏறிச்சு.

"தங்கச்சி சார்," குரல் கம்மிப்போச்சு, ஆனா அவருக்கு அது தெரியல. "விஷயம் தெரியாது அவளுக்கு. உங்க மேல கோவத்துல மிதிக்குறா."

"மிதிக்கட்டும்ப்பா," அவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. "உங்கம்மாவும் மொத நாள் கோவத்துலதான் மிதிச்சாங்களாம்."