ஐந்தாவது சீட்டு

நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்பக்கத்தை ஓங்கி அறைந்தாள்.

நின்றது. ஏறினாள்.

“பதினாறு வயசுப் பொண்ணு ஒண்ணு. தனியா வந்திருக்கும். கருப்பு புர்கா.”

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஊர்ல வந்து கருப்பு புர்கான்னு அடையாளம் சொல்றீங்களேம்மா!”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். மதரஸா விடுதிச் செருப்பில் வெள்ளைப் பெயிண்டில் எண் இருக்கும்.

இல்லை. இறங்கி ஓடினாள்.

அடுத்து ராமநாதபுரம் பஸ். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

ஜுமைலா அதில் போய்விடக் கூடாது. அந்த ஊர் வீட்டில்தான் அவளுடைய தாய்மாமன் இருக்கிறான்.

அவனிடமிருந்து தப்பிக்கத்தான் ஆலிமா ஆவதற்கான மார்க்கப் படிப்பு, விடுதி, எல்லாம். அதை அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். மதரஸாவில் இந்த வருடம் திறந்த ஆலோசனை அறையில். மின்விசிறியைப் பார்த்தபடியே.

எதிரே உட்கார்ந்து கேட்டவள் இவள்தான்.

‘இங்கே பேசுவது அமானிதம், வெளியே போகாது’ என்று கதவில் ஒட்டியிருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பிறகு பெரிய ஆலிமா வேண்டுதல்களை எழுதிப் போடும் துஆப் பெட்டியைத் திறந்தார். வழக்கம்போல ஒவ்வொரு சீட்டாக வாசித்தார்.

ஒருத்தியின் அத்தாவுக்கு ஆபரேஷன். ஒருத்திக்குப் பரீட்சை பயம். இருநூறு பெண்களும் ஆமீன் சொன்னார்கள்.

ஐந்தாவது சீட்டு.

“ஜுமைலாவை அவளுடைய தாய்மாமனிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றுவானாக.”

வாசித்த வேகத்தில் வாசித்துவிட்டார். பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அதற்குள் ஆமீன் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை ஜுமைலாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினாள். மூன்றாவது வரிசை. ஜன்னலோரம். செருப்பில் நாற்பத்து மூன்று, ஜுமைலாவின் எண்.

“இறங்கும்மா. அந்த வீட்டுக்கா போறே?”

ஜுமைலா திரும்பினாள். கண்கள் மட்டும் தெரிந்தன. அழுத கண்கள் இல்லை.

“அங்க தெரிஞ்சது ஒருத்தனுக்கு, ஆலிமா. இங்க இருநூறு பேருக்கு.”

“எழுதிப் போட்டது யாருன்னு விசாரிக்கிறோம்மா. நானே விசாரிக்கிறேன்.”

ஜுமைலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில்.

“ஏம்மா, வர்றீங்களா, இறங்குறீங்களா?”

இறங்கினாள்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

ஜுமைலா இவளைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பெயரில்லாமல் கேட்டால் துஆ போய்ச் சேராதோ என்று பயந்து, முழுசாக எழுதி, நாலாக மடித்து, பிஸ்மி சொல்லி இவளேதான் அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டிருந்தாள்.